அனுப்பாமல் வைத்த திருத்தம்

இணையப் படிவங்களில் நேரம் குறிக்கிற கட்டம் ஒன்று இருக்கும். நாம் எண்களைத் தட்டுவோம், நடுவில் இரு புள்ளி தானாக வந்து உட்காரும். எழுத்தைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. இருபத்தைந்து மணி என்று போடப் பார்த்தால் அந்த ஐந்து விழ மறுக்கும். இதை யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகு நோக, எழுதியிருக்க வேண்டும் என்று தட்டுகிறவர்களுக்குத் தோன்றாது. தோன்றாமல் இருந்தால்தான் அந்த வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். அவர் பல வருடங்களாகச் செய்துவந்தது அந்த மாதிரி வேலை.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு திரைகள், முதுகுக்குத் தலையணை செருகிய ஒரு நாற்காலி. கம்பெனி ஆட்களைக் குறைத்து, அலுவலகத்தையும் காலி செய்த பிறகு அந்த மேசைதான் அலுவலகம். மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று வேறு ஊருக்குப் போனவள். குழந்தை தவழட்டும், நடக்கட்டும், பள்ளியில் சேரட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது நடந்திருக்கும். தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." அதற்குள் அந்தப் பக்கம் எதையாவது தள்ளிவிட்டுக் குழந்தை அழும். "அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் மெதுவாகத்தான் வரும்.

சாயங்காலம் கீழே இறங்கிக் கடையில் ரொட்டி கேட்பார். குரல் கரகரவென்று வரும். அன்றைக்கு வாயைத் திறந்தது அதுதான் முதல்முறை என்று அப்போதுதான் அவருக்கே தெரியும். இதைத் தனிமை என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. அமைதி என்று சொல்லிக்கொண்டார். மனிதர் பலரும் தம் நிலைக்குக் கொஞ்சம் கௌரவமான பெயரைத் தேடித்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

அவர் பார்த்துவந்த படிவங்களில் ஒன்று ஒரு வேன் சர்வீஸுடையது. சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டிகள். எந்த வண்டி, யார், எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் வண்டி அனுப்புகிற ஓர் அம்மாள் அந்தப் படிவத்தில் போடுவாள். வெகுகாலம் அந்த நேரக் கட்டம் வெறும் கட்டமாகத்தான் இருந்தது. என்ன எழுதினாலும் வாங்கிக்கொண்டது. அவளும் "ஏழரை" என்று எழுதுவாள், "ஏழரைக்கு முன்னாடி" என்று எழுதுவாள், ஒருவருக்கு "மருமக வேலைக்குப் போனதும்" என்றுகூட எழுதியிருந்தாள். டிரைவர்களுக்கு அது புரிந்தது. பிறகு, நோயாளிகளின் கைபேசிக்கு 'உங்கள் வண்டி இத்தனை மணிக்கு' என்று தானாகச் செய்தி போக வேண்டும் என்று வேன் சர்வீஸ்காரர்கள் கேட்டார்கள். மருமகள் எப்போது வேலைக்குப் போவாள் என்பது கணினிக்குத் தெரியாது.

"நேரக் கட்டத்துக்கு ஒரு மாஸ்க் போட்டுருங்க. சின்ன வேலை" என்று முதலாளி எழுதியிருந்தார். முதலாளிக்கு எல்லா வேலையும் சின்ன வேலை.

மாஸ்க் என்றால் கட்டத்துக்கு மாட்டுகிற ஒரு சல்லடை. நாலு எண், நடுவில் இரு புள்ளி, மணி இருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது, நிமிடம் ஐம்பத்தொன்பதைத் தாண்டக் கூடாது. ஏழு என்று தட்டினால் முன்னால் ஒரு பூஜ்யத்தைத் தானே போட்டுக்கொள்ளும். எழுதி, சோதித்து, அனுப்பினார். அன்று மத்தியானமே கைபேசி அடித்தது. படிவத்தின் அடியில் 'உதவிக்கு' என்று ஓர் எண் உண்டு. அலுவலகம் இருந்த காலத்தில் முன்மேசைப் பெண் எடுப்பாள். இப்போது அது அவர் சட்டைப்பையில் இருந்தது. அது அடிக்கும் என்பதையே அவர் மறந்திருந்தார்.

"ஹலோ, இந்த நேரப் பெட்டிய செஞ்சது யாரு?"

"நான்தாங்க."

"நான் ஏழுன்னு அடிச்சா அது பூஜ்யம் ஏழுன்னு போடுது. நான் பூஜ்யம் கேட்டேனா?"

"அது அப்படித்தாங்க போடும். அதுக்குப் பேரு மாஸ்க்."

"முகமூடியா? ஏன், அது மூஞ்சிக்கு என்ன கொறைச்சல்? நல்லாத்தானே இருந்துச்சு."

அவர் சிரித்தார். சிரிப்பு அந்த அறையில் கொஞ்சம் அதிகப்படியான சத்தமாகக் கேட்டது. விளக்கிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை. "சரி முகமூடி சார், எதாவதுன்னா கூப்பிடுவேன். எடுப்பீங்கள்ல?"

"எடுப்பேன் மேடம்."

"மேடமெல்லாம் வேணாம். இங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. உங்களுக்கு என் வயசு இருக்கும், அதனால நீங்க அக்கான்னும் சொல்லாதீங்க. பேசுங்க, அது போதும்."

அடுத்த நாளே கூப்பிட்டாள். "சார், ஒருத்தருக்குப் பதினொன்னு அம்பத்தொண்ணுன்னு நிக்குது. நான் அப்படிப் போடவேயில்ல. அம்பத்தொண்ணாவது நிமிஷத்துக்கு ஆள் அனுப்ப இது என்ன ராக்கெட்டா?"

அவர் தன் பக்கமிருந்து அதைத் திருத்தினார். பிறகு காரணத்தைத் தேடினார். அது அவருடைய தவறுதான். பிற்பகல் மூன்றரை என்று, அதாவது 15:30 என்று, இருக்க வேண்டிய இடத்தில் 14:30 என்று போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் என்ன செய்வோம்? நாலை மட்டும் அழித்துவிட்டு ஐந்தைத் தட்டுவோம். அவருடைய மாஸ்க்கில் நாலை அழித்ததும், வரிசையில் முன்னால் நின்றவர் விலகியதுபோல், பின்னால் நிற்கும் எண்கள் ஒரு படி முன்னே நகர்ந்துவிடும். மினுக்கிக்கொண்டிருக்கும் கோடு கடைசிக்குத் தாவிவிடும். தட்டிய ஐந்து அங்கே போய் விழும். மூன்றரை மணி வண்டி 13:05 ஆகிவிடும். அதுவும் ஒரு நேரம்தான் என்பதால் சல்லடை ஒன்றும் சொல்லாது. இளைஞனாக இருந்தபோது இந்தத் தவறை இன்னொருவர் வேலையில் கண்டுபிடித்துக் கிண்டலடித்திருக்கிறார்.

திருத்தம் நாலைந்து வரி. ஓர் எண்ணை அழித்தால் அந்த இடம் காலியாகவே நிற்க வேண்டும், கோடும் அங்கேயே நிற்க வேண்டும். எழுதித் தன் கணினியில் சோதித்தார். கச்சிதமாக நின்றது. அதை வேன் சர்வீஸின் படிவத்துக்கு அனுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கையைக் கொண்டுபோன நேரத்தில் கைபேசி அடித்தது.

"மறுபடியும் தாவிடுச்சு சார்."

திருத்திக் கொடுத்தார். அவள் உடனே வைக்கவில்லை. தன் அறை வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், எதை எடுத்தாலும் டயர் வாசனை அடிப்பதாகவும் சொன்னாள். டிரைவர்கள் பேனாவை வாங்கிக்கொண்டு போனால் அது திரும்பாது, அதனால் பேனாவைச் சரடு போட்டு மேசைக் காலில் கட்டியிருக்கிறாளாம். "ஒருத்தன் சரடோட கொண்டுபோயிட்டான் சார். அவன என்ன சொல்றது?" பின்னால் யாரோ, "அக்கா, அது நான் இல்ல" என்று கத்தினார்கள். அவர் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

பேச்சு முடிந்து அறை பழையபடி ஆனது. குளிர்பதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. அவர் பொத்தானைப் பார்த்தார். இன்னொரு முறை சோதித்துவிட்டு நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தார்.

நாளை வந்தது, அவளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். அழைப்பு பெரும்பாலும் முற்பகலில் வரும். அவர் அதற்குள் குளித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கைபேசியை மேசையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். தாவிய நேரத்தைத் திருத்த அரை நிமிடம் ஆகும். மீதிப் பேச்சு அவளுடைய முட்டி வலி, வண்டியில் வாந்தி எடுத்துவிட்டு டிரைவரையே திட்டிய ஒரு கிழவி, மேனேஜரின் புதுச் சட்டை என்று எங்கெங்கோ போகும். "கட்டத்தை முழுசா அழிச்சிட்டு முதல்லேர்ந்து அடிங்க, தாவாது" என்று ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

"இதுக்கு மருந்தே இல்லையா சார்?" என்று அவள் அவ்வப்போது கேட்பாள்.

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார்.

தான் செய்வது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாதது மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ முடியும் என்பதுதான் மனதின் விசித்திரம். திருத்தத்தை அனுப்பினால் கட்டம் ஒழுங்காக நடக்கும். அப்புறம் அவளுக்குக் கூப்பிடக் காரணம் இருக்காது. அவள் கூப்பிடாவிட்டால் காலையிலிருந்து ரொட்டிக் கடை வரைக்கும் ஒரு குரலும் இல்லை. இதைக் காதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவர் யோசித்ததில்லை. தன்னை யாரோ ஒருவர் திட்டவாவது தேடுகிறார்கள் என்பது அவருக்குப் போதுமாயிருந்தது.

பிறகு ஒருநாள் மழை. ஒரு வேன் வழியில் நின்றுவிட்டது. அவள் ஒரு காதில் டிரைவரும் மறுகாதில் மெக்கானிக்குமாக, நேரங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். தாவிய ஒன்றை அன்று அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் கூப்பிட்டபோது குரலில் விளையாட்டு இல்லை. "சார், திருத்த ஒண்ணும் இல்ல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு. நேத்து எங்க கண்டக்டர விட்டுட்டோம்."

கண்டக்டர் என்று அவர்கள் கூப்பிடுவது ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டரை. வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போகிறவர். அவருடைய திரும்பும் நேரம் மூன்றரை. படிவத்தில் 13:05 என்று விழுந்திருக்கிறது. வண்டி அந்த நேரத்துக்குப் போயிருக்கிறது. அவர் உள்ளே இயந்திரத்தோடு படுத்திருக்கிறார், கைபேசிக்கு வந்த செய்தியைப் பார்க்கவில்லை. டிரைவர் காத்துப் பார்த்து, ஹாரன் அடித்து, 'வரவில்லை' என்று குறித்துவிட்டுப் போய்விட்டான். முடித்து வெளியே வந்தவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மகன் வேலையிலிருந்து வரும்வரை வீட்டில் ஆள் இல்லை. இருட்டிய பிறகு, வெளிக்கதவைப் பூட்ட வந்த காவல்காரர் பார்த்திருக்கிறார். கை கால் நடுங்கிக்கொண்டிருந்ததாம்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"இருக்காரு. ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா..." நிறுத்தினாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. நான்தான் பாக்கல. கண்ணு சரியில்லையோ என்னவோ, கண்ணாடி மாத்தணும் சார்."

அவர் திரையின் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் இறுக்கமாக இருந்த பொத்தான் மாதிரியே இல்லை. அழுத்தியதும் திருத்தம் போய்விட்டது.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "தப்பு என் கட்டத்துல. இப்ப சரி பண்ணிட்டேன். இனிமே தாவாது."

"இப்பவா? இந்த ஒரு நிமிஷத்துலயா?"

"எழுதி வச்சிருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

 அவள் பக்கம் யாரோ இரும்பில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். "நீங்க ரெண்டாவது தடவை கூப்பிட்டீங்கள்ல, அந்த ராக்கெட்டு... அன்னிக்கே எழுதிட்டேன்."

சுத்தியல் தட்டு நின்று, மறுபடி தொடங்கியது.

"மருந்து இல்லையான்னு எத்தன தடவ கேட்டேன்" என்றாள். கோபம் மாதிரியும் இல்லை, எண்ணிப் பார்க்கிறவள் குரல் மாதிரி இருந்தது. "ஏன் சார் அனுப்பல?"

அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"சரி விடுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. எங்க மேனேஜருக்கு எழுதிப் போடுங்க, என் பொழப்பு போயிரக் கூடாது. அந்தப் பெரியவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அவருதான் உக்காந்திருந்தாரு." வைத்துவிட்டாள்.

அவர் எழுதினார். பிழை படிவத்தில் இருந்தது, திருத்தத்தை அனுப்பாமல் வைத்திருந்தது நான், வண்டி அனுப்புகிறவர்மேல் தவறில்லை என்று சுற்றி வளைக்காமல் எழுதினார். மேனேஜரிடமிருந்து 'சரி, நன்றி' என்று வந்தது. முதலாளி ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அவர் முழுதாகப் படித்திருப்பார் என்று தோன்றவில்லை.

அதன்பின் கைபேசி அடிக்கவில்லை. முதல் சில நாள் அது மேசையில் மல்லாந்து கிடந்தது. பிறகு சட்டைப்பைக்குப் போனது. வேன் சர்வீஸின் பதிவுகளைத் திறந்து பார்த்தால் நேரங்கள் வரிசையாக, ஒழுங்காக, பிசகில்லாமல் நின்றன. எங்கெங்கே அவள் ஓர் எண்ணை அழித்து மாற்றியிருக்கிறாள் என்பதுகூடத் தெரிந்தது. மாற்றிய எண் மாற்றிய இடத்தில் நின்றது. நன்றாகச் செய்யப்பட்ட வேலை. செய்தவரை அதற்குத் தேவையில்லை.

அவள் சொன்ன இரண்டாவது காரியத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருநாள் பஸ் பிடித்து டயாலிசிஸ் மையத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு, சக்கர நாற்காலிக்கான சரிவு, சுவரோரம் ஒரு பெஞ்சு. மூன்று மணிக்குமேல் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முழங்கையில் பஞ்சைவைத்து அழுத்திக்கொண்டு உயரமான ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தோளில் குறுக்காக ஒரு தோல்பை. கேட்காமலே யாரென்று தெரிந்தது.

"நீங்கதானே கண்டக்டர்?"

"ஆமா. நீங்க யாரைக் கொண்டுவந்து விட்டீங்க? சம்சாரமா?"

"இல்லைங்க. உங்களப் பாக்கத்தான் வந்தேன்." வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் வரிசை மாறி வந்தன. அந்தப் படிவத்தின் நேரக் கட்டத்தைச் செய்தது நான் என்றார். அன்று வண்டி முன்னதாக வந்ததற்குக் காரணம் நான் என்றார். சரிசெய்து வைத்திருந்தும் அனுப்பவில்லை என்றார்.

கண்டக்டர் பஞ்சை எடுத்துப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று சோதித்து, மறுபடி வைத்துக்கொண்டார். "அன்னிக்குக் குளிரு பெரிசில்ல. மறந்துட்டாங்கன்னு நெனச்சேன் பாருங்க, அதுதான். போன் பண்ணிக் கேக்கலாம். கேட்டா ஆமா மறந்துட்டோம்னு சொல்லிட்டா? அதுக்கு உக்காந்திருக்கறது மேல்னு உக்காந்துட்டேன்." அவர் பக்கம் திரும்பினார். "சரி பண்ணி வச்சீங்க, ஏன் அனுப்பல? சோம்பலா?"

"அனுப்பிட்டா அந்த வண்டி அனுப்புற அம்மா எனக்குப் போன் பண்ண மாட்டாங்க" என்றார். "வேற யாரும் பண்றதில்ல."

சொன்ன பிறகுதான், அது இவ்வளவு சின்ன வாக்கியமா என்று இருந்தது.

கண்டக்டர் தோல்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "அட" என்றார். பிறகு, "அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"தப்புதாங்க."

"தப்புத்தான். இல்லேன்னு யாரு சொன்னா." மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "அந்தம்மா இப்ப போன் பண்ணுதா?"

"இல்லைங்க."

"பண்ணாது" என்றார் கண்டக்டர்.

வேன் வளைவில் திரும்பி வந்து வாசலில் நின்றது. மூன்றரை. டிரைவர் இறங்கிக் கதவைத் தள்ளித் திறந்து, கண்டக்டருக்குக் கைகொடுத்து ஏற்றினான். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கண்டக்டருக்கு நகர்ந்து இடம் விட்டார். டிரைவர் பெஞ்சைப் பார்த்தான்.

"நீங்களும் வர்றீங்களா சார்? லிஸ்ட்ல மூணு பேருதானே இருக்கு."

"நான் இல்லப்பா. நான் சும்மா வந்தேன்."

கண்டக்டர் சன்னலைத் திறந்து அவரைப் பார்த்தார்.  கையை வெளியே நீட்டி வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, பழக்கத்தில், "ரைட்" என்றார். உள்ளே மற்ற இருவரும் சிரிப்பது கேட்டது. வண்டி நகர்ந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று கேட்க வேண்டும். காவல்காரர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஐயா, யாருக்காவது காத்திருக்கீங்களா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்லைங்க" என்றார். எழுந்துகொள்ளவில்லை.